மதினி அழிக்காமல் வைத்திருந்த லிங்க்

இந்தக் கதையை ஊரில் யாருக்குச் சொன்னாலும் பாதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறுகா? ஆள் வந்துட்டாரா?" என்று கேட்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காக்கா வந்துவிட்டார். அவரோடு போன நாலு பேரும் வந்துவிட்டார்கள். காக்கா மெலிந்திருந்தார், உதடு வெடித்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

காக்கா என் கூடப் பிறந்த மூத்தவர். ஆழ்கடலுக்குப் போகும் போட் ஒன்றின் ஸ்கிப்பர். பதினைந்து நாள், இருபது நாள் என்று கடலில் கிடந்துவிட்டு வருவார். இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் ஒரே வளவுக்குள் எங்கள் இரண்டு வீடும். முன் வீட்டில் காக்காவும் அவர் மனைவி மதினியும். பின் வீட்டில் நான். என் கணவர் கட்டாரில் இருக்கிறார். நான் கல்முனையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அதைப் பலருக்கு வெளியில் சொன்னதில்லை. போனில் வானொலி கேட்பேன். பாட்டுப் போடும் வானொலி இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியக் கரையில் யாரோ ஒரு வானொலிப் பைத்தியம் தன் வீட்டு மொட்டை மாடியில் அன்ரனா கட்டி, ஒரு ரிசீவரை இன்டர்நெட்டில் விட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தைத் திறந்தால் நாம் இங்கிருந்தபடியே அதைத் திருகலாம். நீலத் திரையில் மஞ்சள் கோடுகள் மேலிருந்து கீழே வழிந்துகொண்டிருக்கும். ஒரு கோட்டில் விரலை வைத்தால் அந்த அலைவரிசையில் யார் கதைக்கிறார்களோ அவர்களின் சத்தம் வரும். ஒரே நேரத்தில் நாலு பேர்தான் உள்ளே போகலாம். ஆளாளுக்குத் தனித்தனியாகத் திருகலாம். கேட்க மட்டும்தான் முடியும், பதில் சொல்ல முடியாது.

கணவர் போன புதிதில், வீடு மிகவும் அமைதியாக இருந்த ஒரு பின்னேரம் தற்செயலாக அதைக் கண்டுபிடித்தேன். சில வாரங்களில் மீன்பிடிக்காரர்களின் வானொலிச் செட்டுகள் எங்கே கதைக்கும் என்பது பிடிபட்டது. தமிழ், சிங்களம், எனக்கு விளங்காத வேறு பாஷைகள். எல்லாம் வாத்துக் கத்துவதைப் போல இருக்கும். போட்டுகளின் செட்டில் வரும் குரல் அப்படித்தான். நூலளவு தள்ளி நின்றால்கூட மனிதக் குரல் வாத்தாகிவிடும். சரியான புள்ளியில் நிறுத்தினால்தான் மனிதன் மனிதனாகக் கதைப்பான்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு வாத்தை மெல்ல மெல்லத் திருகிக்கொண்டு வந்தேன். அது இறங்கி இறங்கி வந்து, சட்டென்று காக்காவாக மாறி, "டேய், அந்தக் கயித்த விடுடா" என்று யாரையோ ஏசியது. நான் கட்டிலில் இருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

காக்காவின் செட் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் கீழே நின்று கதைக்கும். கரைக்கு வந்தபோது அவரிடமே கேட்டேன். "அது பழைய செட் புள்ள. சூடானா எறங்கிரும்" என்றார். அதன் பக்கத்திலேயே ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் வேறு ஒரு சிக்னல் இருந்தது. அது உள்ளே வராதபடி கேட்கும் அகலத்தையும் இரண்டு பக்கமும் ஒடுக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் பாடுபட்டு அந்த இடத்தைச் சரியாகப் பிடித்தேன். அந்தப் பக்கத்திலேயே சேமித்து வைக்க ஒரு சின்னப் பட்டியல் உண்டு. அலைவரிசை, குரலைப் பிடிக்கும் முறை, அகலம் எல்லாவற்றையும் ஒரு பெயரில் போட்டு வைக்கலாம், பிறகு ஒரு தட்டில் திரும்ப எடுக்கலாம். 'காக்கா அஸர்' என்று ஒன்று வைத்தேன். விடியற்காலைக்கு 'காக்கா சுபஹ்' என்று இன்னொன்று. இரண்டும் சேர்ந்து என் பட்டியல் ஏழெட்டு வரிக்கு வளர்ந்தது. ரயில் ஓடுவதுபோல் தட்தட்டென்று கேட்கும் ஏதோ ஒரு சிக்னலைக்கூட 'ரயில்' என்று போட்டு வைத்திருந்தேன். எங்கள் பக்கம் ரயில் இல்லை, அதனாலோ என்னவோ.

அந்த முறை காக்கா வாழைச்சேனையில் இருந்து புறப்பட்டார். எங்களுக்குப் பக்கத்து ஒலுவில் துறைமுக வாயை மணல் அடைத்திருந்த பருவம் அது. போய் ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தி வந்தது. போட் சொந்தக்காரர் எங்கள் ஊர் ஹாஜியார். அவர் வீட்டில் ஒரு செட் வைத்து ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் போட்டோடு கதைப்பார். பிறகு மதினிக்குப் போன் எடுத்து, "எல்லாம் சொகம்" என்பார். அது போதும் என்று நானும் வானொலிப் பக்கத்தைத் திறக்கவில்லை. காய்ச்சல் காலம் வேறு. பாமசியில் மூச்சு விட நேரமில்லை.

ஒரு புதன்கிழமை காலை நான் வேலைக்குப் புறப்படும்போது ஹாஜியாரே நேரில் வந்து கேற்றடியில் நின்றார். மதினி கதிரை எடுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"மகள், பதறாதீங்க. மூணு நாளா செட்டுல ஆள் வரல்ல" என்றார்.

மதினி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "மூணு நாளா? நேத்தும் சொகமென்டுதானே சொன்னீங்க?"

"ஒங்களப் பயம் காட்டுவானேன் என்டு நெனச்சன். பிழதான். எல்லா எடத்துக்கும் அறிவிச்சிரிக்கன். மத்தப் போட்டுகளுக்கும் சொல்லிரிக்கன். அவங்க போன எடம் பெரிய எடம், எங்க தேடுறென்டுதான் தெரியா."

அவர் போனதும் நான் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் பட்டியலைத் தட்டினேன். அது வெறுமையாக இருந்தது. ஒரு வரிகூட இல்லை.

என்ன நடந்தது என்று புரிய ஒரு நிமிஷம் எடுத்தது. காக்கா போவதற்கு முதல் வாரம் என் போன் நிறைந்துபோய், படம் எடுக்கக்கூட இடமில்லாமல் இருந்தது. பிரவுசரில் கிடந்த பழையதை எல்லாம் மொத்தமாக அழித்தேன். எவ்வளவு இடம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. நான் சேமித்தவை எல்லாம் அந்த இந்தியக்காரரின் பக்கத்தில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவை என் போனுக்குள்தான் இருந்திருக்கின்றன. நானேதான் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

மதினியிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

புதனும் வியாழனும் பாமசியில் மருந்து அலுமாரிக்குப் பின்னால் நின்று, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு ஞாபகத்தில் இருந்த இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். முதல் நாலு இலக்கம் தெரிந்தது. அதற்குப் பிறகுள்ளதுதான் காக்கா, அது தெரியவில்லை. கீழே போனால் அந்த இரைச்சல் காதைக் கிழித்தது. மேலே போனால் வேறு போட்டுகள். ஒருவர் கெளவல்லா மீனைப் பற்றி, இன்னொருவர் காற்றைப் பற்றி. இரைச்சலுக்கு அடியில் ஒரு வாத்து மிக மெதுவாகக் கத்துவதைப் போல ஒரு தடவை இருந்தது. அதற்குள் ஒரு உம்மா பிள்ளையின் மருந்துத் துண்டை நீட்டினார். காய்ச்சல் மருந்தை அளந்து கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் வாத்து இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டியது. பின்னேரம் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து முன் வீட்டுக் குசினி வாசலில் உட்கார்ந்து திரும்பவும் திருகத் தொடங்கினேன். மதினி அடுப்படியில் சும்மா நின்றார். அன்று அவர் எதையும் சமைக்கவில்லை.

"என்னத்தப் புள்ள ரெண்டு நாளாத் தேடுற?" என்று கேட்டார்.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். "காக்காட எடத்தத் தேடுறன் மதினி. நான் சேமிச்சு வெச்சிருந்தன். எல்லாம் அழிஞ்சு பெய்த்து. நான்தான் அழிச்சன்."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "நோன்புக்கு முந்தி எனக்கு ஒண்டு அனுப்பினியே. இத அமத்தினாக் காக்காட கொரல் கேக்குமென்டு. அதுவா?"

எனக்கு மறந்தே போயிருந்தது. அப்படி ஒரு நாள் அனுப்பியிருந்தேன். அவர் அதைத் திறந்து, நீலத் திரையைக் கண்டு பயந்து, போன் கெட்டுப்போய்விட்டது என்று மூடி வைத்தவர். பிறகு தொட்டதே இல்லை.

"மதினி, அது இரிக்கா?"

"நான் ஒண்டும் அழிக்கிறல்ல. அழிக்கத் தெரியா."

அவருடைய போனை வாங்கி எங்கள் இருவருக்கும் நடுவில் போன வாட்ஸப் செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். நான் அனுப்பிய துணிப் படங்கள், அவர் அனுப்பிய துஆக்கள், இரண்டு வீட்டுக்கும் நடுவில் போன 'தேங்காய் இரிக்கா', 'சீனி இரிக்கா'. மதினி என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். பெருநாள் வட்டிலப்பத்தின் படம் ஒன்றைத் தாண்டி இன்னும் மேலே போனபோது அது இருந்தது. நீளமான ஒரு நீல வரி. அந்த வரியின் கடைசியில் அலைவரிசை புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம் வரைக்கும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் யூ.எஸ்.பி. என்று, சார்ஜர் வயருக்குச் சொல்வது இல்லை, குரலைப் பிடிக்கும் முறை. அதற்கும் பிறகு அகலத்தின் இரண்டு ஓரங்கள். நான் மூன்று நாள் பாடுபட்டுப் பிடித்தது முழுக்க அந்த ஒற்றை வரியில் கிடந்தது.

அந்த வரியை அழுத்தினேன். நாலு பேரும் உள்ளே இருக்கிறார்கள், இடமில்லை என்று வந்தது. காத்திருக்கும் வரிசையில் என் பெயரைப் போட்டேன். எனக்கு முன்னால் இன்னொருவர்.

பள்ளியில் அஸர் பாங்கு சொன்னது. நானும் மதினியும் முறைவைத்துத் தொழுதோம். ஒருவர் தொழும்போது மற்றவர் போனைப் பிடித்திருந்தோம். நான் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது மதினி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "புள்ள, என்னவோ வருது."

நீலத் திரை வந்திருந்தது. இரைச்சலும் இல்லை, கெளவல்லாக்காரரும் இல்லை. மெல்லிய ஒரு சீறல் மட்டும். நாங்கள் இருவரும் குசினித் தரையில் உட்கார்ந்து போனை நடுவில் வைத்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சீறல் கொஞ்சம் அடங்கி, பிறகு எழும்பி, அதற்குள் இருந்து ஒரு மனிதன் கதைத்தான்.

"…கேக்குதா? ஹாஜியார், கேக்குதா? ஆராவது கேக்குதா?"

மதினி போனை இரண்டு கையாலும் பிடித்து, "ஓம், கேக்குது! கேக்குது! கதைங்க!" என்று சத்தம் போட்டார்.

"மதினி, அவருக்கு நம்மட சத்தம் போகாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை. ஆனால் உடனே வாயை மூடிக்கொண்டார். காக்கா கதைத்துக்கொண்டிருந்தார்.

"கியர் பொட்டி ஒடஞ்சு எஞ்சினும் நின்டுட்டு. அஞ்சு பேரும் சொகம். மழத் தண்ணி புடிச்சு வெச்சிரிக்கம். எடத்தச் சொல்றன், எழுதுங்க."

என் கைப்பையில் பாமசியின் மருந்து உறைகள் எப்போதும் கிடக்கும். ஒன்றை எடுத்தேன். காக்கா இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் தடவை நடுவில் இரண்டு இலக்கம் சீறலில் கரைந்தது. அவர் திரும்பச் சொன்னார். இரண்டாம் தடவை கடைசி இலக்கம் ஏழா எட்டா என்று பிடிபடவில்லை. மூன்றாம் தடவை நானும் மதினியும் தனித்தனி உறையில் எழுதினோம். ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தன.

"பெட்டரி எறங்குது. விடிய செட் போடுறல்ல. நாளைக்கும் அஸருக்கு மறுகா வாறன், இன்ஷா அல்லாஹ்."

பிறகு சீறல் மட்டும்.

ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன்.

"நீங்க எப்பிடித் தங்கச்சி கேட்டீங்க? நான் காலையில இருந்து செட்டுக்கு முன்னாலதான் குந்தி இரிக்கன், ஒண்டும் வரல்லயே."

அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஐஸ் தொழிற்சாலை. பின்னேரம் அதன் மோட்டர்கள் ஓடத் தொடங்கினால் அவருடைய செட்டில் வேறு எதுவும் கேட்காது. அவர் வழக்கப்படி விடியற்காலையில்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காக்காவோ பெட்டரியை மிச்சம் பிடிக்க, மற்றப் போட்டுகளும் கதைக்கும் நேரம் என்று அஸருக்குப் பிறகு மட்டும் செட்டைப் போட்டிருக்கிறார்; செட் இறங்கி நின்றதால் அவர்களுக்கும் அவர் பிடிபடவில்லை. ஐந்து நாளாக இருவரும் இப்படி ஒருவரையொருவர் தவறவிட்டிருக்கிறார்கள்.

"மறுகா சொல்றன் ஹாஜியார். முதல்ல எழுதுங்க" என்றேன்.

எழுதினார். திரும்ப வாசித்தார். பிறகு கேட்டார். "தங்கச்சி, ஆள் மாறியிருக்காதே? போட்டுகளெல்லாம் ஒரே மாதிரித்தான் கேக்கும்."

"என்ட காக்காட கொரல் எனக்குத் தெரியாதா?"

"சரி, சரி" என்றார். போனை வைப்பதற்கு முன் அவர் யாரையோ உரத்துக் கூப்பிடுவது கேட்டது.

அந்த லிங்கை நான் உடனே என் போனில் சேமித்தேன். கட்டாருக்கு அனுப்பினேன். எனக்கு நானே அனுப்பினேன். மதினி வீட்டுக் கலண்டரில் அந்த மாதத் தாளின் ஓரத்தில் பேனையால் எழுதினேன். மதினி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். அரிசியைக் களைந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கும் பசிக்கிறது என்று தெரிந்தது.

சனிக்கிழமை லீவு எடுத்தேன். பகல் லுஹர் தொழுத கையோடு உள்ளே போய் இடம் பிடித்துக்கொண்டேன். ஹாஜியார் ஐஸ் தொழிற்சாலைக்காரரிடம் கதைத்து, அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் மோட்டர்களை நிற்பாட்டச் செய்திருந்தார். காக்கா சொன்ன நேரத்துக்கு வந்தார். குரல் நேற்றையைவிட மெலிந்திருந்தது, ஆனால் அதில் ஒரு சிரிப்பு இருந்தது.

"ஹாஜியார், ஒங்கட சத்தம் கேட்டுட்டு. வாத்து மாதிரித்தான் கேக்குது. ஆனா வெளங்குது. போட் வருதென்டு வெளங்கினன். அல்ஹம்துலில்லாஹ்."

மதினி தலையில் இருந்த முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல அடங்கியது.

ஞாயிறு பகல் வேறு ஊர்ப் போட் ஒன்று அவர்களைக் கண்டுபிடித்தது. காக்கா கொடுத்த இடத்தில் இருந்து கொஞ்சம் வடக்கே இழுபட்டிருந்தார்களாம். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை துறைமுகம் வந்து சேர்ந்தார்கள். ஹாஜியாரின் வேனில் நாங்களும் போயிருந்தோம். காக்கா இறங்கி நடந்தபோது தரை ஆடுவதுபோல் கால் அகட்டி வைத்தார். மதினி பக்கத்தில் போய் நின்று, "உடுப்பெல்லாம் ஒரே நாத்தம்" என்றார். ஒரு வாரமாக அவருக்காக நெஞ்சில் சேர்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் அவ்வளவில் முடிந்துவிட்டது.

வீட்டில் சோறு போட்டபோது நான் காக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். போனைத் துடைத்தது, பட்டியல் போனது, அது போகாமல் இருந்திருந்தால் புதன்கிழமையே கேட்டிருக்கலாம் என்பது.

காக்கா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார். "அழிச்சதும் நீதானே? தேடி எடுத்ததும் நீதானே? மறுகா என்ன? அந்தச் சொதிய இஞ்சால தள்ளு."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "அஞ்சு நாளும் ஒருத்தரும் கேக்கல்லன்டு நெனச்சித்தான் கதச்சன். ஆனாலும் கதைக்காம இரிக்க ஏலா. கூட வந்தவங்க என்ட மொகத்தத்தானே பாத்துக்கிட்டு இரிந்தாங்க."

அன்று மதினி அந்திக்கு மஃரிப் தொழுதுவிட்டுப் படுத்தவர் சுபஹ் பாங்குக்குத்தான் எழும்பினார். ஒரு வாரத்தில் முதல் தூக்கம் என்றார். நானும் அடுத்த நாள் பாமசியில் யாரோடும் எரிந்து விழவில்லை. கல்முனைக் கடைத்தெருவில் பஸ்காரர்கள் ஹோர்ன் அடிப்பதுகூட நன்றாகத்தான் இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். கடலுக்குப் போனவர்களின் மனைவிமார், உம்மாமார். நான் ஒரு கொப்பி போட்டேன். போட்டின் பெயர், அலைவரிசை, அகலம், கதைக்கும் நேரம். போனிலும் சேமிப்பேன், கொப்பியிலும் எழுதுவேன், உரியவருக்கு லிங்கையும் அனுப்புவேன். கேட்டால் மட்டும் போதும், உள்ளே வெகு நேரம் இருந்து மற்றவர்களின் இடத்தைப் பிடிக்க வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுவேன்.

போன மாதம் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு இளம் பெண் வந்தாள். கல்யாணம் முடித்து ஐந்து மாதம். கணவன் முதல் தடவையாக ஆழ்கடலுக்குப் போயிருக்கிறான். போய் ஆறு நாள். ஒன்றும் நடக்கவில்லை, செய்தியும் ஒழுங்காக வருகிறது, ஆனாலும் அவளுக்கு ஒரு தடவை குரலைக் கேட்க வேண்டும். அஸருக்குப் பிறகு என் வாசலில் உட்கார்ந்து தேடினோம். ஒரு வாத்தைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கினேன். அது இறங்கி வந்து, ஒரு இளம் ஆணின் குரலாகி, "இந்தக் கறியில உப்ப அள்ளிக் கொட்டினது ஆருடா? மனிசன் திங்கிறதா இத?" என்று கத்தியது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வீட்டிலயும் இதே கதைதான் ராத்தா, இதே கதைதான்" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "இத அழியாம வைங்க" என்றாள்.

என்ன பெயரில் வைக்கட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'உப்பு' என்றே போடச் சொன்னாள். போட்டேன். கொப்பியிலும் அப்படியே எழுதினேன்.